நாகமரைத் துறையில் யாட் வாங்குவது எப்படி?

தர்மபுரி மாவட்டம் ஏரியூர் வட்டாரத்தில் கையில் நாலு காசு சேர்ந்தவருக்கு இனிச் செய்ய என்ன பாக்கி இருக்கிறது? வீடு கட்டியாயிற்று. போர் போட்டாயிற்று. தண்ணீர் வரவில்லை என்று இன்னொரு போரும் போட்டாயிற்று. மகனுக்கு பைக், மகளுக்கு நர்சிங் காலேஜ், வாசலில் ஒரு கார். அடுத்த படி மோட்டார் யாட், அதாவது உல்லாசப் படகுதான். அதைப் பார்த்து, ஒப்பிட்டு, ஏமாறாமல் தேர்ந்தெடுக்க இந்த வழிகாட்டி. தமிழில் இப்படி ஒன்று இல்லாத குறையால்தான் இத்தனை பேர் அவசரப்பட்டு டிராக்டர் வாங்கிவிட்டார்கள்.

முதலில் உலக நிலவரம். பெரிய யாட்களைப் பார்க்க மொனாக்கோ போக வேண்டும். 1991-இல் தொடங்கிய கண்காட்சி. செப்டம்பரில் ஹெர்குலே துறைமுகத்தில் நடக்கும். நுழைவுச்சீட்டே சில நூறு யூரோ. ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் ஜனவரிக் குளிரில், தண்ணீரே இல்லாத அரங்குகளுக்குள் படகுகளை நிறுத்திவைத்துக் காட்டுவார்கள். அமெரிக்காவில் ஃபோர்ட் லாடர்டேல், 1959 முதல். அப்புறம் துபாய். நமக்குக் கிட்டத்தில் கொச்சி.

இதில் ஒன்றும் நமக்குத் தோதுப்படாது. விசா வேண்டும், கோட்டு வேண்டும், ஆடு மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆனால் ஏரியூரிலிருந்து தெற்கே வண்டியை விட்டால் நாகமரை. சாலை முடிகிற இடத்தில் காவிரி, அதாவது மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம். எதிர்க்கரை பண்ணவாடி, சேலம் மாவட்டம். வருஷம் முழுக்கப் படகு நிற்கும் துறை. நுழைவுக் கட்டணம் கிடையாது. அக்கரைக்குப் போனால் மட்டும் காசு. இன்னொரு அரங்கும் பார்க்க ஆசையுள்ளவர்கள் ஒட்டனூர் போகலாம். அங்கிருந்து கோட்டையூருக்குப் படகு.

1. நாள் குறிக்கும் முறை

வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகிறவர் ஹோட்டல் அறை கிடைக்குமா என்று பார்ப்பார். நாம் பார்க்க வேண்டியது இரண்டே எண்கள். ஒன்று, மேட்டூர் அணையின் நீர்மட்டம். இரண்டு, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கிற நீர்வரத்து. இரண்டும் டீக்கடைப் பேப்பரிலேயே இருக்கும். பேப்பரில் பஜ்ஜி மடித்துவிட்டால் கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் கேளுங்கள். தாலுகா ஆபீசை விடச் சரியாகச் சொல்வார்.

1934-இல் திறந்த அணை. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, நீர்மட்டம் 120 அடி. அது 120-ஐத் தொட்டால் துறை ஊருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். குறையக் குறைய, துறையும் தண்ணீரைத் தேடிக்கொண்டு கீழே இறங்கிப் போகும். மொனாக்கோ துறைமுகம் வைத்த இடத்தில் இருக்கும்; நம்முடையது நடமாடும் துறை. கோடையில் போனால், வெடித்த வண்டல் மேல் டயர்த் தடம் பார்த்து வெகுதூரம் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் வற்றிய நிலத்தில் கம்போ எள்ளோ விதைத்திருப்பார்கள். கண்காட்சி வளாகத்தில் வெள்ளாமை நடக்கும் ஊர் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

நீர்மட்டம் நன்றாகக் குறைந்த மாதங்களில் போகிறவர்களுக்குப் போனஸ் உண்டு. அணை கட்டியபோது மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும், பழைய தேவாலயக் கோபுரமும் பண்ணவாடிப் பக்கம் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும்.

2. செருப்பு

பெரிய யாட்டில் ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். வாசலில் அதற்கென்று ஒரு கூடை. தேக்குத் தளத்தில் கீறல் விழக் கூடாதாம். நாகமரையிலும் கழற்றத்தான் வேண்டும். இங்கே காரணம் சேறு. கழற்றாவிட்டால் படகுக்கு ஒன்றும் ஆகாது, செருப்புதான் போய்விடும். கூடை கிடையாது, கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

யாட் தரகர் வருகிறவரின் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவார் என்பார்கள். நம் படகுக்காரரும் எடைபோடுவார். ஆனால் நிஜமான எடை. வண்டி இருக்கிறதா, மூட்டை எத்தனை, குழந்தையை மடியில் வைப்பீர்களா, தனியாக உட்கார வைப்பீர்களா? ஒரு பார்வையில் கணக்கு முடிந்துவிடும். அந்தப் பார்வையை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் உயிர் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

3. மாதிரிகளை ஒப்பிடுதல்

ஒப்பீட்டுக்கு மூன்று மாதிரிகள். முதலாவது, 60 அடி மோட்டார் யாட். பிரின்சஸ், ஃபெரெட்டி, அசிமுட், சன்சீக்கர் இவற்றில் எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நாலு கம்பெனியும் 1965-க்கும் 1969-க்கும் இடையில் தொழிலுக்கு வந்தவை. இரண்டாவது, துறையில் ஆளையும் வண்டியையும் ஏற்றும் மோட்டார் படகு. மூன்றாவது, மீன்பிடிக்கிறவரின் பரிசல். இது எப்போது தொழிலுக்கு வந்தது என்று யாருக்கும் கணக்கு இல்லை.

நீளம்: யாட் உலகில் மனிதரின் அந்தஸ்து அடிக்கணக்கில் அளக்கப்படும். 24 மீட்டரைத் தாண்டினால் 'சூப்பர் யாட்' என்று பேர். பரிசலிடம் இந்தப் பாச்சா பலிக்காது. அதற்கு நீளமே இல்லை, குறுக்களவு மட்டும்தான். முன்பக்கமும் பின்பக்கமும் இல்லை. ஆகையால் முன்னாடி உட்காருவது யார் என்ற சண்டையும் இல்லை. கல்யாண வீட்டாரைக் கூட்டிப்போகப் பரிசலைப் பரிந்துரைக்க இதுவே போதும்.

ஆழம்: 60 அடி யாட் சுமார் ஐந்தடி ஆழத்துக்குத் தண்ணீரைக் கேட்கும். பரிசலுக்கு ஒரு சாண் போதும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. தண்ணீருக்கு அடியில் பழைய ஊர்கள் கிடக்கின்றன. பாறை, மேடு, இடிந்த சுவர். நீர்மட்டம் இறங்க இறங்க இவை மேலே வரும். யாட்டின் உந்துவிசிறி கோயில் மதிலில் மோதினால் இன்சூரன்ஸ் படிவத்தில் என்னவென்று எழுதுவீர்கள்?

வேகம்: தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகின் உச்ச வேகத்துக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. நீர்க்கோட்டின் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். 60 அடிக்குப் பத்து நாட் சொச்சம். அதற்கு மேல் போக வேண்டுமானால் படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறிச் சறுக்க வேண்டும். அதற்குத்தான் இரண்டு ராட்சத இன்ஜின்கள். எட்டடிப் பரிசலுக்கு அதே வாய்ப்பாட்டில் 3.8 நாட், அதாவது மணிக்கு ஏழு கிலோமீட்டர். நடைமுறையில் இதில் பாதிகூட வராது. பரிசல் சுற்றும் என்பது வாய்ப்பாட்டுக்குத் தெரியாது.

எரிபொருள்: 60 அடி யாட் வேகம் எடுத்து ஓடினால் மணிக்கு 200 லிட்டர் டீசலுக்கு மேல் குடிக்கும். லிட்டர் 90 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் மணிக்கு 18,000 ரூபாய். துறைப் படகின் இன்ஜினும் டீசல்தான், ஆனால் ஆள் சேராமல் அது கிளம்பாது. பரிசலின் எரிபொருள் காலையில் குடிக்கிற ராகிக் கூழ்.

ஆட்டம் தாங்குதல்: நவீன யாட்டில் சீக்கீப்பர் போன்ற கருவி வைக்கிறார்கள். வெற்றிடக் கூண்டுக்குள் ஒரு கனத்த சக்கரம் அசுர வேகத்தில் சுழன்று, படகு பக்கவாட்டில் ஆடுவதை அடக்கும். நம் துறையில் அந்தக் கருவிக்கு வாய் உண்டு. "அக்கா, நீங்க இந்தாண்ட வாங்க. தம்பி, நீ அந்தாண்ட போ. மூட்டைய நடுவுல வை. யாரும் எந்திரிக்காதீங்க, செல்ஃபி அக்கரையில எடுத்துக்கலாம்." அவ்வளவுதான், படகு சமநிலைக்கு வந்துவிடும். மின்சாரம் வேண்டாம், சர்வீஸ் வேண்டாம்.

வாகனக் கூடம்: சூப்பர் யாட்டின் பின்பக்கத்தைத் திறந்தால் உள்ளே ஒரு அறை; அதில் ஜெட் ஸ்கி நிற்கும். துறைப் படகில் அந்த இடத்தில் டிவிஎஸ் எக்ஸ்எல் நிற்கும். ஜெட் ஸ்கியில் புல்லுக்கட்டு ஏற்ற முடியாது என்பதை விற்பனையாளரிடம் சுட்டிக்காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

கூரை: திறந்து மூடும் கூரைக்கு யாட் கம்பெனிகள் தனியாகக் காசு வாங்கும். பரிசலில் இது சேர்ந்தே வருகிறது. மீன் பிடித்து முடித்தவர் கரையேறிப் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பாருங்கள். உச்சி வெயிலில் அவர் முழங்கால் வரைக்கும் நிழல். பின்னிய மூங்கில் பத்தைகளுக்கு மேலே வெளிப்பக்கம் அப்பிய தார் பளபளக்கும், துடுப்பு ஒரு கையில், ஈர வலை தோளில். அந்த நடையில் தன் படகைத் தானே சுமந்துபோகும் யாட் முதலாளி ஒருவரையும் மொனாக்கோவில் பார்க்க முடியாது.

தரச் சான்று: ஐரோப்பாவில் உல்லாசப் படகுகளை நாலு வகையாகப் பிரிக்கிறார்கள். 'ஏ' வகை நடுக்கடலுக்கு, நாலு மீட்டருக்கு மேல் எழும் அலைக்கு. 'பி' நாலு மீட்டர் வரைக்கும். 'சி' இரண்டு மீட்டர் வரைக்கும். கடைசி 'டி', ஏரி, ஆறு, வாய்க்கால். அலை முக்கால் முழம் எழுந்தால் அதிகம். பரிசலை எந்த வகையில் சேர்ப்பது என்று ஐரோப்பாவில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நாம் தாராளமாக 'டி' என்று வைத்துக்கொள்வோம். ஆடி மாதக் காற்றில் நீர்த்தேக்கம் அந்த முக்கால் முழத்தையும் தாண்டும். அன்றைக்குப் படகுக்காரர் "இன்னைக்குப் போவாது" என்பார். அதுதான் தரச் சான்று. அதன் மேல் அப்பீல் கிடையாது.

4. சோதனை ஓட்டம்

யாட் வாங்குகிறவர் கடலில் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பார்கள். இங்கேயும் அப்படியே. படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை:

"அண்ணே, இது எத்தனை நாட் போகும்?"

"நாட்டுல எங்க வேணா போவும். மொதல்ல ஏறுங்க."

"இதுல எத்தனை பெட்ரூம்?"

"படுக்கிற வேலையே இல்லீங்க. உக்காரதுக்குள்ள பண்ணவாடி வந்துரும்."

"வாரண்டி எவ்வளவு?"

"காத்து அடிக்காத வரைக்கும்."

விற்பனையாளர்களிடம் இவ்வளவு நேர்மையான பதில் கிடைப்பது அரிது. குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தின்போது கவனிக்க வேண்டியது கூட வருகிறவர்களை. கொளத்தூர்ப் பக்கம் பெண் கொடுத்தவர், மேட்டூரில் வேலைக்குப் போகிறவர், சந்தைக்குப் போகிறவர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்கு நேர்ந்துகொண்டு போகும் குடும்பம். படகு இல்லாவிட்டால் இவர்களெல்லாம் மேச்சேரி, மேட்டூர் என்று அணையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டும். ஒருவர்கூட உல்லாசத்துக்கு ஏறவில்லை. உலகக் கண்காட்சிகளில் இந்த வகை வாடிக்கையாளரை மட்டும் காட்சிக்கு வைப்பதில்லை.

5. வரி, பராமரிப்பு

2025 செப்டம்பர் 22 முதல் உல்லாச யாட்டுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். மீன்பிடிப் படகுக்கு 5 சதவீதம். யாட்டின் பின்னால் ஒரு வலையைத் தொங்கவிட்டால் 5-க்கு வருமா என்று ஆடிட்டரைக் கேட்காதீர்கள். அவரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருப்பார்.

வாங்கிய பிறகு ஆண்டுதோறும் விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்பது யாட் வட்டாரத்தின் பொதுக் கணக்கு. பத்து கோடிக்கு வாங்கினால் வருஷம் ஒரு கோடி, அது நின்ற இடத்தில் நின்றாலும். பரிசலுக்குப் பராமரிப்பு: ஓட்டை தெரிந்தால் கவிழ்த்துப் போட்டுத் தார் காய்ச்சி ஊற்ற வேண்டும். முன்னாளில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு.

பதிவும் உண்டு. இன்ஜின் வைத்த உள்நாட்டுக் கலங்கள் எல்லாம் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவாக வேண்டும். 1917-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை மாற்றிக் கொண்டுவந்தது இது. துடுப்பு மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

6. வீட்டுக்குக் கொண்டுவருதல்

பல வாங்குவோர் சறுக்கும் இடம் இதுதான். காவிரி வழியாகவே ஓட்டி வந்துவிடலாம் என்று ஆசைப்படுவார்கள். பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். வாய்க்கால் அகலம்தான் இருக்கும். எப்படியோ நுழைந்துவிட்டாலும் வழியில் கல்லணை. கரிகாலன் உங்கள் யாட்டுக்கு வழிவிட்டுக் கட்டவில்லை. அதைத் தாண்டினால் முக்கொம்பு, மாயனூர் கதவணை, ஜேடர்பாளையம், ஈரோட்டுப் பக்கம் வரிசையாக மின் கதவணைகள். எல்லாம் தாண்டி வந்தால் மேட்டூர் அணை, உயரம் 214 அடி. அங்கே யாட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும். நீர்வளத் துறையிடம் இதற்கான விண்ணப்பப் படிவம் இருப்பதாகத் தெரியவில்லை.

சாலை வழி என்றால் கொச்சியில் இறக்கி, கோவை, சேலம் வழியாக டிரெய்லரில் கொண்டுவரலாம். யாட் 16 அடி அகலம், 30 டன் சொச்சம். லாரிகளையே பாடாய்ப் படுத்தும் தொப்பூர் கணவாயில் ஏற்ற வேண்டும். தர்மபுரி தாண்டிப் பென்னாகரம் கடைவீதி. அங்கே ஒரு மினி பஸ்ஸும் ஒரு கரும்பு லாரியும் எதிரெதிரே வந்தாலே பத்து நிமிஷம் பஞ்சாயத்து. பங்குனி மாதம் திருவிழாவுக்குச் சீரியல் விளக்கு கட்டியிருந்தால் யாட் அங்கேயே நிற்கட்டும். தேர் என்று நினைத்து வடம் பிடிக்க ஆள் வந்துவிடுவார்கள்.

7. சொகுசுப் பிரிவு

யாட்டைச் சொந்தமாக வாங்காமல் வாடகைக்கு எடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே ஒகேனக்கல் இருக்கிறது.

வெளிநாட்டில் யாட்டை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்தால், வாடகை போக அதில் கிட்டத்தட்ட முப்பது சதவீதத்தைச் சாப்பாட்டுக்கும் டீசலுக்கும் முன்பணமாகக் கட்டச் சொல்வார்கள். ஒகேனக்கலில் இதே முறைதான், இன்னும் வெளிப்படையாக. மீனை நீங்களே பேரம் பேசி வாங்கிச் சமைக்கிற அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். கட்லாவா, ரோகுவா, கெளுத்தியா என்பது உங்கள் பாடு. நீங்கள் பரிசலில் போய் வருவதற்குள் குழம்பும் வறுவலும் தயார். யாட்டின் மேல்தளத்தில் மசாஜ் அறை இருக்கும். இங்கே பாறை மேலேயே குப்புறப் படுக்கப் போட்டு எண்ணெய் தேய்த்து உருவிவிடுவார்கள். முதுகில் விழுகிற அடியின் சத்தம் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

பரிசல்காரர் நடு ஆற்றில் துடுப்பை ஒரே பக்கம் போட்டுப் பரிசலைப் பம்பரமாகச் சுற்றுவார். யாட்டில் இப்படி நடந்தால் கம்பெனி மேல் கேஸ் போடலாம். இங்கே அதற்குத்தான் காசே.

பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். "பெங்களூர்ல இருந்து வந்திருக்கோம், ஒரு ரவுண்டு மட்டும்" என்று அன்றைக்குக் கெஞ்சக் கூடாது. கர்நாடக அணைகளில் திறந்த தண்ணீருக்கு நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்பது தெரியாது.

8. எதை வாங்கலாம்?

மூன்று மாதிரிகளையும் பார்த்தாயிற்று. தீர்ப்பு: ஏரியூர்க்காரருக்குத் தோதான மாதிரி இன்னும் சந்தைக்கு வரவில்லை. அது ஆடாது, டீசல் குடிக்காது, காற்றடித்தாலும் நிற்காது, ராத்திரியில் பிரசவ வலி வந்தாலும் அக்கரை சேர்க்கும். அதற்குப் பாலம் என்று பேர். ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் நடுவே அப்படி ஒன்று வேண்டும் என்பது இந்த மக்களின் நெடுநாள் கோரிக்கை. தேர்தல் கூட்டங்களில் அதைப் பல தடவை கட்டி முடித்திருக்கிறார்கள். தண்ணீரின் மேல் அது நிற்கிற நாள் வரும்போது இந்த வழிகாட்டியைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

அதுவரைக்கும் படகுதான். யாட்டோ, துறைப் படகோ, பரிசலோ, எதில் ஏறினாலும் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள். குழந்தைக்கு முதலில் போடுங்கள். அழுக்காக இருக்கிறது, புடவை கசங்குகிறது என்று மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆள் அதிகமாகத் தெரிந்தால் இறங்கிவிடுங்கள். அடுத்த படகு வரும், காத்திருந்து போங்கள்.